நல்ல விளையாட்டுக் கைத்துப்பாக்கி எது?

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் தம் தந்தையுடன் என் வீட்டிற்கு வந்தார். என்.சி.சி.யில் துப்பாக்கி சுடக் கற்றவர் அவர். பிறகு மாவட்டத் துப்பாக்கி சுடும் குழுவில் உறுப்பினராகி, 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டிக்குப் பயிற்சி பெற்று வந்தார். குழுவிற்குச் சொந்தமான பழைய துப்பாக்கியில்தான் பயிற்சி. "அது தேய்ந்துபோன துப்பாக்கி, சார். அதை வைத்துக்கொண்டு இதற்குமேல் புள்ளி எடுக்க முடியாது" என்றார் மாணவர். வெளிநாட்டுத் துப்பாக்கி ஒன்றை வாங்குவதற்காகத் தந்தை அரை ஏக்கர் நன்செயை ஒத்திக்கு வைக்கவும் தயாராக இருந்தார். "நீங்கள் பௌதிகம் படித்தவர். பையன் சொல்வது சரிதானா என்று நீங்களே சொல்லுங்கள், சார்" என்றார் அவர்.

வாயால் சொல்லிவிடக்கூடிய விடை அன்று. அளந்து பார்த்தே சொல்ல வேண்டியது. அவ்வாறு அளந்து பார்த்ததில் கண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விதிகள் வகுத்த துப்பாக்கி

இங்கே நாம் பேசுவது 5.6 மி.மீ. குழல் விட்டம் கொண்ட, பாதித் தானியங்கி விளையாட்டுக் கைத்துப்பாக்கியைப் பற்றி. இதில் பயன்படும் தோட்டாவை 'பாயிண்ட் 22 லாங் ரைஃபிள்' என்பர். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887 இல் இதனை அறிமுகப்படுத்தியது. இன்றும் உலகெங்கும் பொழுதுபோக்காகவும் போட்டிக்காகவும் சுடுவோர் இதையே பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

ஒலிம்பிக்கில் ஆடவர் விரைவுச் சுடுதல் போட்டியில் 25 மீட்டர் தொலைவில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். ஐந்து இலக்குகளையும் முதலில் 8 விநாடியிலும், பிறகு 6 விநாடியிலும், கடைசியில் 4 விநாடியிலும் சுட்டு முடிக்க வேண்டும். 2012 இல் இலண்டனில் நம் நாட்டின் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றது இப்போட்டியில்தான். 4 விநாடியில் ஐந்து குண்டுகள் என்றால், ஒவ்வொரு முறையும் தோட்டாவைக் கையால் செலுத்திக்கொண்டிருக்க முடியாது. துப்பாக்கியே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகரை ஒரு முறை அழுத்தியாக வேண்டும். இதனால்தான் 'பாதித் தானியங்கி' என்ற பெயர்.

பன்னாட்டு விதிகளின்படி இத்துப்பாக்கியின் எடை 1400 கிராமுக்கு மேற்படக் கூடாது. குழலின் நீளம் 153 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி 220 மி.மீ.க்கு மிகக் கூடாது. டிரிகரை அழுத்தத் தேவைப்படும் எடை 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இவை பயன்படும்.

மாங்காய் அளவு ஆற்றல்

துப்பாக்கி தானே இயங்குவது நியூட்டனின் மூன்றாம் விதியால். குண்டின் நிறை ஏறத்தாழ 2.6 கிராம், அதன் திசைவேகம் விநாடிக்குச் சுமார் 300 மீட்டர். ஆகவே அதன் உந்தம் 0.0026 × 300 = 0.78 அலகு. குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டையைப் 'போல்ட்' என்பர். அது குழலுடன் பூட்டப்படாமல், வெறும் சுருள்வில்லின் தாங்கலில் நிற்கிறது. முன்னே குண்டு பெறும் அதே அளவு உந்தத்தை இது பின்னோக்கிப் பெறுகிறது. போல்ட்டின் நிறை 200 கிராம் என்று கொண்டால், அதன் வேகம் விநாடிக்கு 3.9 மீட்டர். (வெடிவாயுவின் உந்தத்தை எளிமைக்காக விட்டுவிட்டோம்.)

குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்பே போல்ட் திறந்துகொண்டால் சூடான வாயு முகத்தில் அடிக்காதா? இதற்கும் கணக்கு உண்டு. குண்டு 150 மி.மீ. முன்னே செல்லும் நேரத்தில், அதைப்போல் 77 மடங்கு நிறையுள்ள போல்ட், 77 இல் ஒரு பங்கு தூரமே, அதாவது 2 மி.மீ. மட்டுமே பின்வாங்கும். தோட்டாவின் உறை அப்போதும் பெரும்பாலும் குழலுக்குள்ளேயே இருக்கும். குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்த பிறகே உறை வெளியே வருகிறது.

அடுத்து ஆற்றலைப் பாருங்கள். குண்டு பெறும் இயக்க ஆற்றல் 117 ஜூல். போல்ட் பெறுவதோ ஏறத்தாழ 1.5 ஜூல். 150 கிராம் மாங்காய் ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றல் இவ்வளவுதான்! வெற்று உறையை வெளியே எறிவது, சுத்தியலைப் பின்னே தள்ளி நிறுத்துவது, சுருள்வில்லை அமுக்குவது ஆகிய அனைத்தும் இந்த மாங்காய் ஆற்றலில் நடந்தாக வேண்டும். எனவே கரியும் அழுக்கும் சேர்ந்தாலோ, தோட்டாப் பெட்டியின் உதடு சிறிது வளைந்தாலோ இயக்கம் நின்றுவிடும்.

நம்பகத்தை மதிப்பிடும்போது 'நூற்றுக்கு ஒன்றுதான் சிக்குகிறது' என்று திருப்தியடைந்துவிடக் கூடாது. 60 குண்டுகள் கொண்ட போட்டியில் ஒரு முறைகூடச் சிக்காமலிருக்கும் நிகழ்தகவு 0.99 இன் 60 ஆம் அடுக்கு. அதாவது சுமார் 0.55. அப்படியானால் ஏறக்குறைய பாதிப் போட்டிகளில் ஒரு சிக்கலாவது நேரும். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தப்போகும் அதே வகைத் தோட்டாக்களில் சில நூறு சுட்டும் ஒன்றுகூடச் சிக்காத துப்பாக்கியையே நம்பலாம்.

கோணமே எதிரி

பன்னாட்டு 25 மீட்டர் துல்லிய இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ. நடுவிலிருந்து 25 மி.மீ. வரை குண்டு விலகலாம். சுடும்போது உங்கள் கை முழுவதும் 10 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது, ஆனால் குழலின் திசை மாறவில்லை என்று கொள்வோம். குண்டும் 10 மி.மீ. மட்டுமே விலகும், பத்துப் புள்ளி கிடைத்துவிடும்.

ஆனால் குழலின் திசை திரும்பினால் கதை வேறு. 25 மீட்டரில் 25 மி.மீ. என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. குறிகளுக்கு இடையே உள்ள 220 மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு 0.22 மி.மீ.; அதாவது மூன்று தலைமுடிகளின் பருமன்! முன் குறி அவ்வளவு ஒதுங்கினாலே குண்டு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும்.

கை நடுங்குவது இயல்பு. அதை யாராலும் முற்றாக நிறுத்த முடியாது. சுடும் கணத்தில் குழலின் கோணத்தைக் கலைக்காமலிருப்பதுதான் முக்கியம். ஆகவே துப்பாக்கியை மதிப்பிடும்போது ஒவ்வோர் உறுப்பிடமும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'இது கோணத்தைக் கலைக்கிறதா?'

முதலில் டிரிகரிடம் கேட்போம். துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 1.2 கிலோகிராம், டிரிகரை அழுத்தத் தேவைப்படுவதோ ஒரு கிலோகிராம். துப்பாக்கியைத் தூக்கி நிறுத்த எவ்வளவு விசை தேவையோ, ஏறத்தாழ அவ்வளவு விசையை ஒற்றை விரலால் அதன்மேல் செலுத்துகிறோம். விரல் நேர் பின்னே இழுக்காமல் சற்றுச் சாய்ந்து இழுத்தால், அந்த விசையின் ஒரு கூறு குழலைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். மேலும், டிரிகர் விடுபட்டவுடன் எதிர்ப்பு திடீரென்று மறைந்து, விரல் பின்னே பாயும். அந்தப் பாய்ச்சலைத் தடுக்க நல்ல துப்பாக்கிகளில் ஒரு சிறு தடைத் திருகு இருக்கும். ஆகவே டிரிகர் சொரசொரப்பின்றி, ஒவ்வொரு முறையும் அதே எடையில், கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடுபட வேண்டும். போட்டிகளில் ஒரு கிலோ எடைக்கல்லை டிரிகரில் தொங்கவிட்டுத் தூக்கி இதைச் சோதிக்கிறார்கள்.

அடுத்து கைப்பிடி. இதற்கு எளிய சோதனை உண்டு. தோட்டா இல்லாததைப் பயிற்சியாளர் சரிபார்த்த பிறகு, சுடுமிடத்தில் இலக்கின் பக்கம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்துங்கள். கண்ணைத் திறந்ததும் முன் குறி பின் குறியின் பள்ளத்தில் நடுவாக நிற்கிறதா? பத்து முறை செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டை வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால், அந்தக் கைப்பிடி உங்கள் கைக்கு உரியதன்று.

மூன்றாவது, கைக்கும் குழலுக்கும் உள்ள உயரம். குழல் கைக்கு மேலே எவ்வளவு உயரமோ, பின்னுதைப்பின் திருப்புத்திறனும் அவ்வளவு பெரிது. மூக்கு அவ்வளவுக்கு மேலே துள்ளும். 1968 இல் வெளிவந்த ஜெர்மனியின் வால்தர் ஜி.எஸ்.பி. துப்பாக்கியில் தோட்டாப் பெட்டியைக் கைப்பிடிக்குள் வைக்காமல் டிரிகருக்கு முன்னே வைத்தார்கள். குழலையும் கையை ஒட்டித் தாழ்வாக அமைத்தார்கள். 4 விநாடியில் ஐந்து இலக்குகளைச் சுடுபவருக்கு, ஒவ்வொரு துள்ளலுக்குப் பின்னும் மிச்சமாகும் நேரம் மிகப் பெரிது.

அளந்து பார்த்தோம்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழுவின் பயிற்சியாளர் மேற்பார்வையில், அந்தப் பழைய துப்பாக்கியை உறுதியான தாங்கியில் பொருத்தி 20 குண்டுகள் சுட்டோம். மூன்று குண்டுகள் மட்டும் சுட்டு அருகருகே விழுந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது. நாணயத்தை மூன்று முறை சுண்டி மூன்றும் தலையாக விழுவதில் வியப்பில்லையே! இருபது குண்டுகளின் துளைகளையும் அளவுகோலால் அளந்ததில், மையத்திலிருந்து சராசரி விலகல் 8 மி.மீ. பிறகு மாணவரே கையில் பிடித்து 20 குண்டுகள் சுட்டார். சராசரி விலகல் 50 மி.மீ.

இதில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு? ஒன்றையொன்று சாராத பிழைகளை வெறுமனே கூட்டவோ கழிக்கவோ கூடாது. அவற்றின் வர்க்கங்களையே கூட்டவும் கழிக்கவும் வேண்டும். 50 இன் வர்க்கம் 2500. 8 இன் வர்க்கம் 64. மீதி 2436. இதன் வர்க்கமூலம் 49.4. அதாவது, ஒரே துளையில் எல்லாக் குண்டுகளையும் செலுத்தும் குறையே இல்லாத துப்பாக்கியை வரவழைத்துக் கொடுத்தாலும், அவருடைய விலகல் 50 இலிருந்து 49.4 மி.மீ. ஆகத்தான் குறையும். முழுதாக ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை!

இந்தக் கணக்கைத் தந்தை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மாணவரோ தலைகுனிந்து நின்றார். ஆனால் அவர் தலைகுனிய வேண்டியதில்லை. அந்த 49.4 மி.மீ. முழுவதும் அவருடைய குற்றமன்று. சொரசொரப்பான டிரிகரும் பொருந்தாத கைப்பிடியும் அவருடைய கை வழியாகவே கோணத்தைக் கலைத்திருக்கக்கூடும். தாங்கியில் பொருத்திச் சுடும்போது இக்குறைகள் தலைகாட்டா. துப்பாக்கி சரியில்லை என்று அவர் உணர்ந்தது உண்மையே; ஆனால் தேய்ந்தது குழல் என்று அவர் நினைத்ததுதான் தவறு. துப்பாக்கிகளைப் பழுதுபார்க்க உரிமம் பெற்றவரைக் கொண்டு குழு டிரிகரைச் செப்பனிட்டது. மாணவரின் கைக்கேற்ப வேறு மரக் கைப்பிடி செய்து பொருத்தப்பட்டது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் அதே துப்பாக்கியில் அவருடைய சராசரி விலகல் 37 மி.மீ.

விலையும் தரமும்

விலை கூடினால்தான் தரம் கூடும் என்பதும் சரியன்று. 1949 இல் அமெரிக்காவில் வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் என்னும் இருவர் ஒரு 22 துப்பாக்கியை 37 டாலர் 50 சென்டுக்கு விற்றனர். கைப்பிடிச் சட்டத்தை எஃகுத் தகடுகளை அச்சில் அழுத்தி, இரு பாதிகளாகச் செய்து பற்றவைத்ததால் செலவு குறைந்தது. ஆனால் குழலும் குறிகளும் அசையாத ஒரே அமைப்பில் உறுதியாக இருந்தன. போல்ட் மட்டும் அதற்குள் முன்னும் பின்னும் ஓடியது. கோணத்தைக் காக்கும் இடத்தில் சிக்கனம் செய்யவில்லை. மற்ற இடங்களில் செய்தார்கள். பொழுதுபோக்காகச் சுடுவோரிடம் அது பல்லாண்டுகள் புகழ்பெற்று விளங்கியது.

ஆகவே தேர்ந்தெடுக்கும் வரிசை இது: முதலில் கைக்குப் பொருந்தும் பிடி, அடுத்து தெளிவான டிரிகர், பிறகு அசையாத குறிகள், சிக்காத இயக்கம், கடைசியாகக் குழலின் துல்லியம். தேர்ந்த வீரரின் விலகல் 12 மி.மீ. அளவுக்குச் சுருங்கும்போது, துப்பாக்கியின் 8 மி.மீ. உண்மையிலேயே உறுத்தத் தொடங்கும். குழலுக்குப் பணம் செலவழிக்க வேண்டிய காலம் அதுவே.

ஒன்றை மறக்கக் கூடாது. விளையாட்டுத் துப்பாக்கியாயினும் அது உயிரைப் பறிக்கவல்லது. நம் நாட்டில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றி இதை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. முறையான சுடுமிடத்தில், பயிற்சியாளர் முன்னிலையில், காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிந்தே சுட வேண்டும்.

ஹங்கேரி நாட்டு இராணுவ வீரர் காரோலி டாகாக்ஸ் வலக்கையால் சுடுவதில் வல்லவர். 1938 இல் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து அந்தக் கை சிதைந்தது. அவர் இடக்கையால் முதலிலிருந்து கற்றார். 1948 இல் இலண்டனிலும், 1952 இல் ஹெல்சிங்கியிலும் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். இழந்தது துப்பாக்கியை அன்று, பழகிய கையை. அதையே அவர் மீண்டும் உருவாக்கிக்கொண்டார்.

இந்த வரலாற்றை அந்த மாணவருக்குச் சொன்னேன். அரை ஏக்கர் நன்செய் இன்றும் அவர்களிடமே இருக்கிறது. இம்முறை அதில் சம்பா நட்டிருக்கிறார்கள்.