உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

கும்பகோணத்தில் பழைய ஓட்டு வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் உண்ணியை நாயின் காதில் தேடுவார்கள். பாதி உண்ணி அங்கே இருக்காது. ரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டை போல ஊதியதும் அது கீழே விழும். பிறகு சுவரேறி, திண்ணை வெடிப்பிலும் உத்தரத்து இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால்தான் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் அடுத்த மாதமே பழைய கதை. வெடிப்பைப் பூச வேண்டும், படுக்கும் சாக்கை மாற்ற வேண்டும். நாய் மேல் மண்ணெண்ணெய் தேய்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும்.

உண்ணியைவிட அது கொண்டுவரும் காய்ச்சல்தான் ஆபத்து. நாய் சோறு வேண்டாமென்று மூலையில் படுத்துக்கொள்ளும். மூக்கைத் தொட்டு, "ஈரமாத்தான் இருக்கு, காய்ச்சல் இல்லை" என்று விட்டுவிடுவோம். மூக்கு ஒன்றும் சொல்லாது. தெர்மாமீட்டர் நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள்; நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் டாக்டரிடம் போகலாம். பிறகு மேலுதட்டைத் தூக்குங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுத்து, இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது. ஈறிலும் அடிவயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம் என்றால் தட்டணுக்கள் சரிந்திருக்கலாம். சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனால் அது வேறு கிருமி, பபேசியா. தட்டணுக்களைச் சரிக்கும் முதல் வகைக் கிருமிக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் இதைக் கொல்லாது. எனவே போன தடவை மிச்சமிருந்த மாத்திரையைக் கொடுக்காமல் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் 4 வாரம். நாலாம் நாளே நாய் வாலாட்டும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள்.

வயல் பக்கம் சுற்றும் நாய்க்கு எலிக்காய்ச்சலும் உண்டு. எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணீரிலிருந்து வரும். கண் மஞ்சளாகும், வாந்தி எடுக்கும். மனிதருக்கும் தொற்றும் என்பதால் நாயின் சிறுநீரைக் கையுறை போட்டே கழுவுங்கள். தடுப்பூசி இருக்கிறது. குட்டிக்கு நாறும் ரத்தக் கழிச்சல் வந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம், அன்றைக்கே போங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

பூனை கதையே தனி. நோயை மறைப்பதில் அதற்கு இணையில்லை. நாய் உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். மிச்சத்தைப் பூனைக்கு விட்டால் வலிப்பு வந்து சாகும். காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமால் கொடுப்பதும் அப்படியே. அதைச் சிதைக்கும் வசதி பூனையின் ஈரலில் போதாது. ஒரு மாத்திரையே உயிரை எடுக்கும். பாயசத் திராட்சையும் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவில் கிடக்கும் வெங்காயமும் நாய்க்கு ஆகாது என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண் பூனை மணல் தட்டுக்கு நாலைந்து தடவை போய், குந்தி முக்கி, கத்திவிட்டு வெறுமனே எழுந்து வரும். நாம் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடுவோம். பெரும்பாலும் அடைத்திருப்பது சிறுநீர்ப் பாதை. முழுதாக அடைத்துவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மணல் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளூர் மருத்துவர் கையை விரித்தால் ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிளம்பும் முன் போன் செய்து, பூனை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று சொல்லுங்கள். அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.