பாதை மிதந்த ஊர்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பாடநூலிற் படியாத மாணவர் இலர். அத்துறைமுகத்தின் தென்புறத்தே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. அக்குடாவின் தென்கரையில் உள்ளது மூதூர் என்னும் பழைய ஊர். திருகோணமலைக்கு இது தொலைவில் உள்ள ஊரன்று. ஆயினும் பல தலைமுறைகளாகத் திருகோணமலையிலிருந்து அங்குச் செல்ல விரும்பியோர் நீரைக் கடந்தேயாக வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் மகாவலி கங்கை. 335 கிலோமீற்றர் ஓடிவரும் இலங்கையின் மிக நீண்ட இந்நதி, கிளைகளாய்ப் பிரிந்து இக்குடாவிற் கலக்கின்றது. ஆகவே கரைவழியே செல்வோரைக் கிண்ணியாவிலும் அதற்கு அப்பாலும் நீர்த்துறைகள் மறித்தன. அவற்றைத் தவிர்க்க எண்ணியோர் இயந்திரப் படகேறிக் குடாவையே கடந்தனர்.

மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையைக் கீழ்மாகாண மக்கள் ‘பாதை’ என்றே அழைப்பர். பொருள் பொதிந்த சொல்! பிற ஊர்களிற் பாதை நிலத்திற் கிடக்கும். இங்கோ அது நீரில் மிதந்தது. வாடைக்காற்று வீசும் மாரிக்காலத்தில் குடா கொந்தளித்தால் படகும் ஓடாது. அப்பொழுது சந்தைக்குச் செல்லும் மீனும், மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும் கரையிலேயே காத்திருக்க நேரும்.

இக்குடா அந்நியரையும் அறியும். புயலிற் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் செப்பனிடுவதற்காக இங்கு வந்தது. கரையிறங்கிய றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞரும் கப்பற்றலைவரான அவர் தந்தையாரும் 1660 ஆம் ஆண்டில் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பட்டனர். தந்தையார் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றி எழுதி வெளியிட்ட நூல் இன்றும் வரலாற்று மாணவர்க்குப் பயன்படுகின்றது.

அண்மையில் நாம் மூதூருக்குச் சென்றபோது படகேறவில்லை. 2009 ஆம் ஆண்டில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும், 2006 ஆம் ஆண்டின் போரால் நேர்ந்த இடப்பெயர்வையும் கண்ட கரையில், தமிழரும் முஸ்லிம்களுமாகிய மீனவர் மீண்டும் வலை வீசுகின்றனர். சூடையும் இறாலும் இன்று பாலத்தின் வழியே சந்தைக்குச் செல்கின்றன.

எனினும் பாலத்தின் அருமையை நாம் முழுதும் உணர்ந்தது குறிஞ்சாக்கேணியை நினைத்தபோதுதான். கிண்ணியாவை அடுத்த அவ்விடத்தில், புதிய பாலம் கட்டும் வேலை முடியாதிருந்த வேளையில், மக்கள் தற்காலிகமான மிதப்புப் பாதையையே நம்பியிருந்தனர். 2021 நவம்பர் 23 ஆம் நாட் காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்களும் நீரில் மாண்டனர்.

கடலோடு வாழும் மக்கள் நீருக்கு அஞ்சுபவரல்லர். மீன் பிடிக்கச் செல்லும் தந்தை அலையோடு போராடுவது அவர் தொழில். ஆனால் எழுத்துப் படிக்கச் செல்லும் குழந்தையும் அவ்வாறே போராட வேண்டுமோ? பாலத்திற்குக் கல் நடுமிடத்து, அது முடியும்வரை மக்கள் கடப்பதற்குப் பாதுகாப்பான வழியையும் அமைத்தல் கடனாகும். குறிஞ்சாக்கேணிச் சிறுவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.