மிளகிடா மதுவில் மிளகு மணம்

மாரி மழையில் நனைந்து வீடு திரும்பும் தம்பலகாமத்து உழவருக்கு மிளகு இரசத்தின் மணம் புதிதன்று. அம்மணம், மிளகே சேராத ஒரு மதுவிலும் எழுகின்றதென்றால் வியப்பன்றோ!

'சிரா' என்னும் கருந்திராட்சையில் வடிக்கும் செம்மது அது. பாரசீகத்து ஷிராஸ் நகரே அக்கொடியின் தாயகம் என்பது பழங்கதை. அதன் பெற்றோர் பிரான்ஸ் நாட்டுக் கொடிகளே என 1998-இல் மரபணு ஆய்வு காட்டிற்று.

மிளகுக்கும் இப்பழத்தோலுக்கும் மணமூட்டுவது 'ரொட்டண்டோன்' என்னும் ஒரே பொருளென 2008-இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்டனர். சோதித்தவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதனை உணரவேயில்லை! மோர்னிங்டன் குடாநாடு போன்ற குளிர்ந்த கடற்கரைத் தோட்டங்களில் பழம் மெல்லக் கனிவதால் இம்மணம் மிகும்.

யவனர் மதுவைக் கொணர்ந்ததையும் மிளகைக் கொண்டேகியதையும் சங்க நூல்கள் கூறும். இயற்கையோ, அவ்விரண்டையும் ஒரே பழத்தில் அடக்கிவிட்டது.