வயிற்றுக்குள் மறைந்திருக்கும் குடலிறக்கம்

குடலிறக்கம் என்றவுடன் அடிவயிற்றிலோ தொப்புளருகிலோ புடைத்து நிற்கும் வீக்கமே நம் நினைவுக்கு வரும். அது கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தட்டுப்படும். வெளியே எவ்வித அடையாளமும் காட்டாமல் வயிற்றறைக்குள்ளேயே நிகழும் குடலிறக்கமும் ஒன்றுண்டு. சிறுகுடல் அடைப்புகளுள் நூற்றுக்கு 6-க்கும் குறைவானவையே இதனால் நேர்வன. அரிய நோயாதலின், இதனை அறிவதும் அரிது.

ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடல், விசிறி போன்றதொரு சவ்வினால் வயிற்றின் பின்சுவரோடு பிணைக்கப்பட்டுள்ளது. கருவில் குடல் சுழன்று தனக்குரிய இடத்தில் அமையும்போது, சவ்வு சரிவர ஒட்டாத இடத்தில் பை போன்ற இடைவெளி நின்றுவிடுவதுண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் இடைவெளி உண்டாகலாம். அதனுள் குடல் நுழைந்து சிக்கினால் உணவின் வழி அடைபடும். இரத்த ஓட்டமும் நின்றுவிடின், சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கும். பிராகு நகரத்து உடற்கூற்று அறிஞர் டிரைட்ஸ் 1857-இலேயே இதனை விரித்தெழுதினார். ஆயினும் நெடுங்காலம் இது அறுவை மேசையிலோ பிணப் பரிசோதனையிலோதான் பெரும்பாலும் வெளிப்பட்டது.

1895-இல் ராண்ட்கன் கண்டறிந்த எக்ஸ்ரே, குடல் அடைபட்டிருப்பதைக் காட்டும். அதன் காரணத்தைப் பெரும்பாலும் காட்டாது. அக்குறையைப் போக்கியது சி.டி. ஸ்கேன். ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய அக்கருவி, 1971-இல் இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம்பிடித்தது. உடலை ஏடு ஏடாகப் பிரித்துக் காட்டும் அப்படத்தில் மருத்துவர் மூன்றினை நோக்குவார். குடல் வளையங்கள் பைக்குள் இட்டாற்போல் ஓரிடத்தில் திரண்டுள்ளனவா? அவற்றுக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் நெருங்கியோ முறுக்கியோ இழுபட்டுள்ளனவா? நரம்பின் வழி ஏற்றிய சாய மருந்து குடற்சுவரைச் சென்றடைகிறதா?

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிக்கிய குடல் தானே விடுபட்டு மீள்வதுண்டு. வலியற்ற நாளில் எடுத்த படம் குறையின்றித் தோன்றக்கூடும். எனவே, படம் எடுத்தபோது வலி இருந்ததா என்பதை மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்; பழைய படங்களையும் காட்டுதல் நன்று.

மும்பையில் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் உழைப்பாளர் பலருக்கு, மருத்துவமனைக்குச் செல்லும் நாள் கூலியிழக்கும் நாளாகும். ஆதலின், உணவுக்குப் பின் வந்து வந்து போகும் வலியை வாயு என்றெண்ணிப் பொறுத்துக்கொள்வது எளிது. ஆயின், வலி முறுக்கி எழுந்து, வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்து, மலமும் காற்றும் பிரியாது நின்றால், பேதி மருந்து உட்கொள்ளலாகாது. விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. தாராவிக்கு அருகே சயானில் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. வலி இருக்கும்போதே அங்குச் சென்றால், மறைந்திருக்கும் நோய் படத்தில் அகப்பட வழியுண்டு. குடலும் உயிரும் பிழைக்கும்.