கடையில் நடப்பது ஓட்டமா, வேலையா?

“வியாபாரம் எப்படி?” என்று பஞ்சிகாவத்தையில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். “தலை சொறியவும் நேரமில்லை” என்ற பதில் உடனே வரும். மாத முடிவில் அதே மனிதரிடம் “எவ்வளவு மிஞ்சியது?” என்று கேளுங்கள். அந்தப் பதில் வரக் கொஞ்சம் நேரமெடுக்கும்.

மருதானையைச் சுற்றியுள்ள சிறு கடைகளுக்குக் கணக்கெழுதுவது எனது தொழில். காலை எட்டு மணிக்குக் கடை திறந்து இரவு எட்டு மணிவரை நின்ற காலில் நிற்கும் முதலாளிமாரை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களில் எவரையும் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இலாபத்தைத் தந்த மணித்தியாலங்கள் எத்தனை என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், உழைப்புக்கும் வருமானத்துக்கும் இடையில் எங்கோ ஓர் ஓட்டை இருப்பது தெரிகிறது. அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்பதையே இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

இரு ஜப்பானியச் சொற்கள்

பஞ்சிகாவத்தையில் விற்கப்படும் உதிரிப்பாகங்களில் பெரும் பகுதி ஜப்பானிய வாகனங்களுக்கானவை. அந்த வாகனங்களைச் செய்தவர்கள் இந்தப் பிரச்சினையைப் பற்றி எம்மை விட முன்பே சிந்தித்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் டொயோட்டா நிறுவனம் பெரும் நெருக்கடியில் இருந்தது. 1950 இல் வங்குரோத்தின் விளிம்பு வரை போய், ஊழியர்களைக் குறைக்க நேர்ந்து, அதன் தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். பணமில்லை, புதிய இயந்திரம் வாங்க வழியுமில்லை. அந்த நிலையில் தொழிற்சாலையைச் சீர்படுத்தியவர்களில் முதன்மையானவர் டைச்சி ஓனோ என்ற பொறியியலாளர். அவர் தமது ஊழியர்களுக்கு இரண்டு சொற்களின் வேறுபாட்டை விளக்குவார். ‘உகொகு’ என்றால் அசைவது, நகர்வது. ‘ஹதராகு’ என்றால் வேலை செய்வது. ஜப்பானிய எழுத்தில் அசைவது என்பதைக் குறிக்கும் வடிவத்தின் பக்கத்தில் மனிதனைக் குறிக்கும் அடையாளத்தைச் சேர்த்தால் அது வேலை என்று மாறிவிடும். அதாவது, அசைவுடன் மனிதனின் அறிவு சேர்ந்தால்தான் அது வேலை. இல்லாவிட்டால் அது வெறும் அசைவு.

வாடிக்கையாளர் எதற்குப் பணம் தருவாரோ அது மாத்திரமே வேலை என்பது ஓனோவின் கணக்கு. மிகையாக உற்பத்தி செய்தல், காத்திருத்தல், பொருளை இங்குமங்கும் கொண்டு செல்லல், தேவையற்ற செய்முறை, மிதமிஞ்சிய இருப்பு, வீணான அசைவு, பழுதான பொருள் என ஏழு வகை வீண்களை அவர் வரிசைப்படுத்தினார். இது தொழிற்சாலைக்காரர்களின் கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் விற்றுப்போன அளவுக்கு மட்டும் தட்டுகளை மீண்டும் நிரப்பும் முறை ஓனோவின் சிந்தனைக்கு ஒரு முக்கிய தூண்டுதலாக இருந்தது. கடையிலிருந்து தொழிற்சாலைக்குப் போன பாடம் இது. அதை மீண்டும் கடைக்குக் கொண்டு வருவதில் தவறில்லை.

எமது கடைகளின் மூன்று ஓட்டைகள்

முதலாவது, விலை முதலாளியின் தலைக்குள் இருப்பது. “நானா, இந்த பிரேக் பேட் என்ன விலை?” என்று கடைப் பொடியன் உள்ளேயிருந்து சத்தம் போடுகிறான். முதலாளி தொலைபேசியை இறக்கிவிட்டு விலை சொல்கிறார். ஐந்து நிமிடத்தில் ஒயில் பில்டருக்கும் அதே கேள்வி. ஒரு நாளைக்கு 60 தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணித்தியாலம் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய நட்டம், அவர் அன்று எந்த ஒரு விடயத்தையும் அரைமணி நேரம் தொடர்ந்து யோசிக்க முடியாமற் போவது. அவர் உம்ராவுக்குப் போனால் கடையும் அரைவாசி நின்றுவிடும். கொள்விலையைச் சங்கேத எழுத்தில் பொதியின் மேல் எழுதி வைக்கும் வழக்கம் பழைய கடைகளில் இருந்தது. விற்பனை விலையையும், எதுவரை இறங்கலாம் என்பதற்கான சங்கேதத்தையும் எழுதி வைத்தால் பேரம் பேசுவதைப் பொடியனே பார்த்துக்கொள்வான்.

இரண்டாவது, பக்கத்துக் கடைக்கு ஓடுவது. எம்மிடம் இல்லாத சாமானை அடுத்த கடையில் எடுத்துக் கொடுப்பது இத்தொழிலில் சாதாரண விடயம். அது வாடிக்கையாளரைத் தக்க வைக்கிறது, கடைக்காரர்களுக்கிடையே நல்லுறவையும் வளர்க்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து ஓட்டம், ஒன்றுக்குப் பதினைந்து நிமிடம் என்றால் இரண்டரை மணித்தியாலம். மாதத்தில் 25 நாட்களுக்கு 62 மணித்தியாலத்துக்கும் மேல். ஏறக்குறைய எட்டு நாள் சம்பளம் வீதியில் நடக்கிறது. எந்தச் சாமானுக்காக ஓடினான் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. எழுதினால் ஒரே ஐந்தாறு சாமான்களுக்காகவே திரும்பத் திரும்ப ஓடுவது தெரியவரும். அவற்றை இறக்கையில் வாங்கி வைத்தால் ஓட்டமும் குறையும், மற்றக் கடைக்குப் போகும் இலாபமும் எமக்கே வரும்.

மூன்றாவது, உறங்கும் சரக்கு. வீதியில் ஓடாத மொடல்களுக்கான பாகங்கள் மேல் தட்டில் தூசு படிந்து கிடக்கின்றன. “சாமான் கெட்டுப் போகாதுதானே” என்பார்கள். சாமான் கெடாது, ஆனால் பணம் கெடும். பத்து இலட்சம் ரூபா சரக்கு ஒரு வருடம் அசையாமல் கிடக்க, அதே தொகைக்கு வங்கியில் நூற்றுக்கு 12 வீதத்தில் மேலதிகப்பற்று இருந்தால், மாதம் பத்தாயிரம் ரூபா தூசுக்குக் கட்டுகிறோம் என்று அர்த்தம். அந்தச் சரக்குக் குவியலுக்குள் தேடுவதில் போகும் நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாட்டிலுள்ள பழைய வாகனங்களையே ஓட்ட வேண்டியிருந்ததால் உதிரிப்பாகங்களுக்குக் கேள்வி இருந்தது. 2022 இல் டொலரின் விலை ஏறியபோது பழைய சரக்கு வைத்திருந்தவர்கள் நல்ல விலைக்கு விற்றார்கள். அந்த அனுபவத்தால் “சரக்கைச் சேர்த்து வைத்தவன் தோற்கமாட்டான்” என்ற எண்ணம் சிலரிடம் வேரூன்றிவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டு, வீதியில் வாகனங்களும் மாறி வருகின்றன. நெருக்கடிக் காலத்து இலாபத்தை நிரந்தரத் திட்டமாக எடுத்துக்கொள்வது ஆபத்தானது.

பொரளையில் ஒரு பாடம்

“இதெல்லாம் ஜப்பானுக்குச் சரி, எமது ஆட்களுக்குச் சரிவராது” என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களுக்கு மருதானையிலிருந்து சிறிது தூரத்தில், பொரளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலையைக் காட்டுவேன். 2000ஆம் ஆண்டு முதல், பணிப்பாளர் டொக்டர் விமல் கரந்தகொடவின் தலைமையில் அங்கே ‘ஐந்து எஸ்’ முறை நடைமுறைப்படுத்தப்பட்டது. தேவையற்றதை அகற்றுவது, மிஞ்சியதை ஒழுங்காக வைப்பது, சுத்தம் செய்வது, எல்லோரும் ஒரே விதமாகச் செய்ய விதி வகுப்பது, அதைப் பழக்கமாக்குவது என்பவையே அந்த ஐந்தும். எங்கே எது இருக்க வேண்டும் என்று பெயரும் நிறமும் இட்டு அடையாளப்படுத்தினால், அவசரத்தில் எவரும் தேடி ஓட வேண்டியதில்லை.

குறைந்த வளங்களுடன் இயங்கிய எமது அரசாங்க வைத்தியசாலை ஒன்றில், எமது ஊழியர்களே செய்து காட்டிய மாற்றம் இது. ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு நிறுவனமான ஜெய்க்கா, 2007 முதல் ஆபிரிக்க நாடுகளின் வைத்தியசாலைகளுக்கு இதை முன்மாதிரியாக எடுத்துக் காட்டியது. பிரசவ வைத்தியசாலையில் முடிந்தது, பேன் பெல்ட் விற்கும் கடையில் முடியாதா?

சும்மா நிற்பவனைத் திட்டாதீர்கள்

எல்லாவற்றிலும் கடினமானது மனப்பாங்கை மாற்றுவது. பொடியன் ஒரு நிமிடம் சும்மா நின்றால் எமக்குப் பொறுக்காது. “என்ன, வேலையில்லையா?” என்று அதட்டுவோம். உடனே துணியை எடுத்துத் துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பான். முதலாளியின் கண்ணுக்கு வேலை செய்வது போலக் காட்டுவதை அவனுக்கு நாமே பழக்குகிறோம். பிறகு அவன் வேகமாக முடிக்கக்கூடிய வேலையையும் இழுத்துச் செய்வான். விரைவாக முடித்தவனுக்குக் கிடைப்பது ஏச்சு என்பது அவனுக்குத் தெரியும்.

டொயோட்டா குடும்பத்தின் முதல் தொழில் தறி. சகிச்சி டொயோடா 1924 இல் செய்து முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும். நிற்காமல் ஓடும் தறி ஓட்டைத் துணியைத்தான் நெய்யும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். வியாபாரத்திலும் அப்படித்தான். திரும்பி வந்த காசோலை, பிழையாகக் கொடுத்தனுப்பிய சாமான், இரண்டு தடவை எழுதிய பற்றுச்சீட்டு ஆகியவை அறுந்த நூல்கள். அன்றே ஐந்து நிமிடம் நின்று காரணத்தைத் தேடாவிட்டால் அடுத்த வாரமும் அதே நூல் அறும்.

அதேநேரம் ஓடாத நேரமெல்லாம் வீணுமல்ல. பழைய வாடிக்கையாளருடன் பிளேன்டீ குடிக்கும்போது அடுத்த மாதம் எது விலைபோகும் என்ற தகவல் கிடைக்கலாம். கடை திறக்க முன் கொப்பியுடன் தனியே உட்காரும் அரைமணி நேரம் முழு நாளையும் மிச்சப்படுத்தலாம்.

பத்து நாள் கொப்பி

இதற்கு ஆலோசகரோ கணினியோ தேவையில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை காசு மேசையில் வையுங்கள். பத்து வியாபார நாட்களுக்கு நான்கு விடயங்களை மட்டும் கோடு போட்டுக் குறியுங்கள்: விலை கேட்டு உங்களிடம் எத்தனை தடவை வந்தார்கள், எந்தச் சாமானுக்காக வெளியே ஓடினார்கள், எதைத் தேட ஐந்து நிமிடத்துக்கு மேல் சென்றது, எந்த வேலையை இரண்டாம் தடவை செய்ய வேண்டியிருந்தது. காலையிலிருந்து லுஹர் வரை, லுஹரிலிருந்து அஸர் வரை, அதன் பின்னர் என நாளை மூன்றாகப் பிரித்துக் குறித்தால் நெரிசல் எப்போது என்பதும் தெரியும்.

பத்தாம் நாள் கடை மூடிய பின்னர் அதை உங்கள் பொடியன்மாருடன் சேர்ந்திருந்து வாசியுங்கள். எங்கே வீண் இருக்கிறது என்பது ஓடுகிறவனுக்கு உட்கார்ந்திருப்பவரை விட நன்றாகத் தெரியும், இதுவரை எவரும் அவனிடம் கேட்டிருக்கமாட்டார்கள். நான்கில் எது அதிகமோ அதை மாத்திரம் அடுத்த மாதம் திருத்துங்கள். நான்கையும் ஒரே நாளில் திருத்தப் புறப்பட்டால் அதுவும் இன்னொரு ஓட்டமாகிவிடும்.