வாலட்டுல பேலன்ஸ் காணோமா? பதறாதீங்க... ரூட்டை மாத்துங்க!

நாட்றம்பள்ளியில பெங்களூரு பஸ்சுக்கு நிக்கிறீங்க. ஹைவேல ஜாம், பஸ் வரல. என்ன பண்ணுவீங்க? ஜோலார்பேட்டை போய் ரயில் ஏறிடுவீங்க. பெங்களூரு அங்கேயேதான் இருக்கு, வழிதான் அடைச்சிருக்கு.

மெட்டாமாஸ்க் மாதிரியான வாலட் ஆப்களும் இப்படித்தான். உங்க காசு போன்ல இல்லை, பிளாக்செயின்ல இருக்கு. போன்ல இருக்கிறது சாவி மட்டும்தான். அந்தச் சங்கிலியைப் படிச்சுக் காட்ட நடுவுல ஒரு சர்வர் வேணும். அதுக்குப் பேர் ஆர்.பி.சி புரொவைடர். அது படுத்தா, பேலன்ஸ் ஜீரோன்னுகூடக் காட்டும்.

2020 நவம்பர் 11-ல் இதுதான் நடந்தது. மெட்டாமாஸ்க் வழக்கமாக நம்பியிருக்கும் இன்ஃபுரா, எத்தீரியம் மென்பொருளின் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தது. சங்கிலி இரண்டாகப் பிரிந்தபோது அது தவறான கிளையில் மாட்டிக்கொண்டது. பைனான்ஸ் (நம்ம ஊர் வட்டிக்கடை இல்லை, கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச்!) ஈத்தர் எடுப்பதையே நிறுத்தி வைத்தது. 2022 மார்ச்சில் இன்ஃபுராவில் ஒரு செட்டிங் தப்பாகிப்போய், வெனிசுலாக்காரர்களால் வாலட்டையே பயன்படுத்த முடியவில்லை.

ஆக, இரண்டாவது வழியை இப்பவே போட்டு வைங்க. நெட்வொர்க் பட்டியலில் எத்தீரியத்தை எடிட் செய்து, இன்னொரு ஆர்.பி.சி முகவரியைச் சேர்க்கலாம். செயின் ஐ.டி எத்தீரியத்துக்கு 1, பாலிகானுக்கு 137. முகவரியை புரொவைடரின் சொந்த தளத்திலிருந்து மட்டும் எடுங்க. டெலிகிராம்ல யாரோ அனுப்பினதைப் போடாதீங்க. போலி சர்வரால் சாவியைத் திருட முடியாது. ஆனா பொய்யான பேலன்ஸ் காட்டும், உங்க ஐ.பி முகவரியையும் பார்க்கும்.

நீங்களே ஆப் எழுதுறவரா? ஈத்தர்ஸ் லைப்ரரியில் ‘ஃபால்பேக் புரொவைடர்’ இருக்கு. யாரை முதலில் கேட்கணும், எத்தனை மில்லிசெகண்ட் காத்திருந்து அடுத்தவரிடம் போகணும், எத்தனை பேர் ஒரே பதில் சொன்னால் நம்பணும்னு அதில் சொல்லிடலாம். இந்த மூணாவதுதான் முக்கியம். 2020-ல் பார்த்த மாதிரி, சர்வர் ஓடிக்கிட்டே தப்பாவும் பேசலாம். மூணு முகவரியும் ஒரே கம்பெனியோடதா இருந்தா இதுல பிரயோஜனமே இல்லை.

பேலன்ஸ் காணோம்னு புலம்புற நேரம் பார்த்துத்தான் ‘சப்போர்ட் டீம்’னு ஒருத்தர் இன்பாக்ஸுக்கு வந்து அந்த 12 வார்த்தைகளைக் கேட்பார். கொடுத்துடாதீங்க. முதல்ல ஈத்தர்ஸ்கேன்ல உங்க வாலட் முகவரியைத் தட்டிப் பாருங்க. காசு அங்கேயே இருக்கும்.