சுட்டெலியை எடைபோடுவோம்: விவாதக் கட்டுரைக்கு ஒரு பயிற்சி

விவாதக் கட்டுரை என்றாலே நம் மாணவர்களிடம் ஒரு வாய்பாடு தயாராக இருக்கிறது. நன்மை மூன்று, தீமை மூன்று, கடைசியில் 'எதையும் அளவோடு பயன்படுத்துவோம்'. தலைப்பு கைத்தொலைபேசியாக இருந்தாலும் இதுதான், இணையவழிக் கற்றலாக இருந்தாலும் இதுதான். தராசின் இரண்டு தட்டையும் நிரப்பிவிடுகிறார்கள். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. இந்தப் பழக்கத்தை மாற்ற, மாணவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். சரிசெய்துகொள்ளக்கூடிய கேமிங் மவுஸ் அதற்குப் பொருத்தமாக இருக்கும்.

மவுஸுக்குச் சுட்டி, சுட்டெலி, சொடுக்கி என்று பல பெயர்கள் உண்டு. எதையாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை முழுக்க அதையே எழுதச் சொல்லுங்கள். 'சுட்டி' என்றால் வகுப்பில் யாராவது ஒரு சுட்டிப் பையனைக் காட்டிச் சிரிப்பார்கள் என்பதால், நான் சுட்டெலி என்றே எழுதுகிறேன்.

சரிசெய்வது என்றால் எதை? இரண்டு சுட்டெலிகளைப் பார்ப்போம். மேட் கேட்ஸ் நிறுவனத்தின் ராட் 7 உருவத்தையே மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. உள்ளங்கை படியும் பகுதியை முன்னும் பின்னும் நகர்த்தலாம், கட்டைவிரல் பக்கத்தை விரிக்கலாம், சுண்டுவிரல் பக்கத்துத் துண்டைக் கழற்றி வேறு மாட்டலாம். லாஜிடெக் ஜி502 ஹீரோவின் உருவம் மாறாது. ஆனால் அதன் பொத்தான்களுக்கு நமக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கலாம், எடையைக் கூட்டலாம், உணர்திறனை மாற்றலாம்.

உணர்திறனைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாணவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பெட்டியின்மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'டிபிஐ' எண், சுட்டெலியை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை அசைவுகளைச் சொல்லும் என்பதைக் குறிக்கிறது. ஓர் அசைவுக்குத் திரையில் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1,920 புள்ளி அகலமுள்ள திரையை 800 டிபிஐயில் கடக்கச் சுட்டெலியை 2.4 அங்குலம் நகர்த்த வேண்டும். 1,600 என்றால் 1.2 அங்குலம். ஜி502 ஹீரோ 25,600 வரை போகும். அந்த அளவில் இரண்டு மில்லிமீட்டர்கூட நகர்த்த வேண்டாம். அம்புக்குறி திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்விடும். கை லேசா நடுங்கினாலே போச்சு! கவுன்டர் ஸ்டிரைக் விளையாடும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் 400 அல்லது 800இல்தான் வைத்திருக்கிறார்கள். ஆக, பெரிய எண்ணை 'நன்மை' என்று எழுதும் மாணவர் விளம்பரத்தைத்தான் எழுதுகிறார்.

அதற்காக உணர்திறனை மாற்றும் வசதியே வீண் என்று சொல்ல முடியாது. அதே ஜி502இல் கட்டைவிரல் பக்கம் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அம்புக்குறி மெதுவாகும், விட்டால் பழைய வேகத்துக்கு வந்துவிடும். தூரத்தில் உள்ள இலக்கைக் குறிபார்க்கவும், படத்தில் ஒரு நுணுக்கமான கோட்டைத் திருத்தவும் இது உண்மையிலேயே உதவும்.

எடை விஷயம் இன்னும் சுவையானது. ஜி502 ஹீரோ 121 கிராம். அதோடு 3.6 கிராம் உள்ள ஐந்து சிறு எடைகள் வருகின்றன. எல்லாவற்றையும் போட்டால் 139 கிராம். கூட்டலாம், ஆனால் 121க்குக் கீழே குறைக்க முடியாது. அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஜி புரோ எக்ஸ் சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு. அதில் எடை சேர்க்கும் வசதி இல்லை. இலேசாக இருப்பதே அதன் பெருமை. வேகமான ஆட்டங்களில் சுட்டெலியை அடிக்கடி தூக்கித் தூக்கி வைப்பவருக்குப் பாதி எடை பெரிய வித்தியாசம். அசைவு கனமாக, நிதானமாக இருக்க வேண்டும் என்பவருக்கு ஜி502 பிடிக்கும். ஒருவருக்கு நன்மையாக இருக்கும் அதே கிராம்கள் இன்னொருவருக்குத் தீமை. அப்படியிருக்க, 'எடையைக் கூட்டலாம்' என்பதை எந்தத் தட்டில் வைப்பது? யாருடைய கை, என்ன வேலை என்று சொல்லாதவரை எதிலும் வைக்க முடியாது.

'சரிசெய்யலாம்' என்ற சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. ராட் 7, ஜி502 இரண்டுமே வலக்கைக்காக வடிவமைக்கப்பட்டவை. வகுப்பில் இடக்கைப் பழக்கம் உள்ளவரைக் கேட்டுப் பாருங்கள், "எனக்கு இதுல எதைத் திருப்பினாலும் சரிவராதே" என்பார். நகரும் பாகங்கள் கூடினால் தூசி சேரும் இடுக்குகளும் கூடும். நம் சிங்கப்பூர் மாணவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஜி502இன் பொத்தான்களை மாற்றியமைக்கும் மென்பொருள் விண்டோஸ், மேக் கணினிகளுக்கானது. பள்ளிவழி வாங்கிய கற்றல் சாதனம் குரோம்புக்காக இருந்தால் அதை நிறுவ முடியாது. வேறொரு கணினியில் செய்த அமைப்புகளைச் சுட்டெலியின் நினைவகத்திலேயே சேமித்து எடுத்து வரலாம் என்பது உண்மைதான், ஆனால் அந்த வேறொரு கணினி வீட்டில் இருக்க வேண்டுமே.

பணத்தையும் பேசியாக வேண்டும். சாதாரணச் சுட்டெலியைப்போல் பல மடங்கு விலை கொடுத்து வாங்குபவர், முதல் வாரம் எல்லாவற்றையும் திருகிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒரே அமைப்பில் விட்டுவிடுவார் என்றால், சரிசெய்யும் வசதிக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு வாரத்துக்குத்தான். கை அளவு வேறுபடும் அண்ணனும் தம்பியும் ராட் 7 போன்ற ஒன்றைப் பகிர்ந்துகொண்டால் கணக்கு மாறும். என் தீர்ப்பைக் கேட்டால், தனியாக விளையாடும் மாணவர் கடைக்குப் போய்க் கையில் பிடித்துப் பார்த்து, பொருந்தும் எளிய சுட்டெலியை வாங்குவதே மேல்.

இனி மொழிக்கு வருவோம். 'இச்சுட்டெலியின் எடையைக் கூட்டலாம். இது ஒரு நன்மையாகும்' என்பது பட்டியல். 'சுட்டெலியை அடிக்கடி தூக்கி வைப்பவராக இருந்தால் 121 கிராமே சுமை. மேசையோடு ஒட்டி மெதுவாக நகர்த்துபவராக இருந்தால் கூடுதல் எடை உதவும்' என்பது எடைபோடுதல். வேலையைச் செய்வது 'இருந்தால்' என்ற நிபந்தனைதான். 'மேலும்', 'அதுமட்டுமல்லாமல்' ஆகியவை சரக்கை அடுக்க மட்டுமே உதவும்.

வகுப்பில் செய்ய: மாணவர்கள் முன்பு எழுதிய ஒரு விவாதக் கட்டுரையைத் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொரு 'நன்மை', 'தீமை'க்குப் பக்கத்திலும் 'யாருக்கு? எப்போது?' என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பதில் கிடைக்காத வரிகளை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றை நிபந்தனை வாக்கியங்களாக மாற்றி எழுதட்டும். முடிவுரையில் 'அளவோடு' என்ற சொல்லுக்கு அன்று மட்டும் தடை.